அமெரிக்காவின் முதனிலைத் தேர்தல்களும் பிரஜைகளின் பங்கும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நவம்பர் மாதத்து முதல் திங்கட்கிழமைக்கு அடுத்த செவ்வாயன்று நடைபெறும் பொதுத்தேர்தலைப் பற்றி உலகமெங்கும் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதுகின்றன. ஆனால் அந்தச் செவ்வாய்க்குப் பல வாரங்களோ மாதங்களோ முன்னதாக, மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்ட நாட்களில், ஒவ்வொரு கட்சியின் சார்பிலும் நிற்க வேண்டியவர் இன்னார் என்று தீர்மானிக்கும் பொருட்டு நடைபெறும் 'பிரைமரி' என்னும் முதனிலைத் தேர்தலை, அந்நாட்டுப் பிரஜைகளிலேயே பெரும்பாலோர் பொருட்படுத்துவதில்லை. 2018-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் தகுதியுடையோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் வாக்களித்தனர். அதே ஆண்டின் முதனிலைத் தேர்தல்களில் வாக்களித்தவர்களோ ஐந்தில் ஒரு பங்கினரே. 2014-இல் நிலைமை இதனினும் மோசமாக இருந்தது. ஏழு பேரில் ஒருவர்தாம் முதனிலையில் பங்குகொண்டார். அதிபர் பதவிக்குத் தேர்தல் நடக்கும் ஆண்டுகளில் உற்சாகம் சற்று மிகும் என்றாலும், இரு கட்சிகளிலும் கடும்போட்டி நிலவிய 2016-இல்கூடப் பத்தில் மூவருக்குக் குறைந்தவர்களே இந்த முதற்படியை மிதித்தனர்.

பிற நாடுகள் பலவற்றில் அபேட்சகரை வாக்காளரே தெரிந்தெடுப்பது என்னும் கேள்வியே எழுவதில்லை. இந்தியாவில் கட்சித் தலைமை 'சீட்' கொடுக்கிறது. பிரிட்டனில் கட்சிக் கிளைகளும் தலைமை நிலையமும் சேர்ந்து அபேட்சகரை நியமிக்கின்றன. அபேட்சகரை நியமிக்கும் அதிகாரத்தைக் கட்சியின் உள்ளறையிலிருந்து பறித்துச் சாமானிய வாக்காளரின் கையில் சட்டப்பூர்வமாக ஒப்படைத்த பெரிய ஜனநாயகங்களுள் முதன்மையானது அமெரிக்கா எனலாம். அவ்வளவு போராடிப் பெற்ற அதிகாரத்தை ஜனங்கள் ஏன் கைசோர விடுகிறார்கள், அதனால் விளையும் நன்மை தீமைகள் யாவை, அவர்களை அழைத்து வருவதற்குரிய மார்க்கம் எது என்னும் மூன்று கேள்விகளையும் ஒருசேர ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நவம்பரில் மட்டும் வாக்களிப்பவன் பிறர் தெரிந்தெடுத்த இருவரில் ஒருவரைத் தெரிந்தெடுக்கிறானேயன்றித் தன் பிரதிநிதியைத் தெரிந்தெடுப்பதில்லை என்பதும், அவனை முதனிலைக்கு அழைத்து வரக்கூடியது பிரசங்கத்தைவிட அண்டை வீட்டாரின் நேரடியான அழைப்பே என்பதும் இவ்வாராய்ச்சியின் முடிவுகள்.

மாநாட்டிலிருந்து வாக்குச்சாவடிக்கு

குடியரசின் ஆரம்ப காலத்தில் அதிபர் பதவிக்குரிய அபேட்சகர்களைக் காங்கிரஸ் சபையிலிருந்த கட்சி அங்கத்தினர்கள் தமக்குள் கூடித் தெரிந்தெடுத்து வந்தார்கள். 1824-இல் அவ்வாறு கூடிய கூட்டத்துக்கு அங்கத்தினருள் சிறுபான்மையோரே வந்து, வில்லியம் கிராஃபோர்டு என்பவரை நியமித்தனர். நாடு அந்த நியமனத்தை மதிக்கவில்லை. அவர் தோற்றதோடு அந்த முறையும் ஒழிந்தது. அதன் ஸ்தானத்தில் மாநாட்டு முறை வந்தது. ஊர்க்கூட்டம் வட்டாரக் கூட்டத்துக்கும், வட்டாரக் கூட்டம் மாநில மாநாட்டுக்கும், மாநில மாநாடு தேசிய மாநாட்டுக்கும் பிரதிநிதிகளை அனுப்பும் இந்த ஏற்பாடு காகிதத்தில் ஜனநாயகமாகவே தோன்றிற்று. நடைமுறையிலோ, நியூயார்க் நகரின் டாமனி ஹால் போன்ற கட்சி யந்திரங்களை நடத்திய எஜமானர்கள் ஊர்க்கூட்டத்தைத் தம் ஆட்களால் நிரப்பி, அதன் மேலுள்ள எல்லாப் படிகளையும் தமதாக்கிக் கொண்டார்கள். நியமனம் யார் கையிலோ அதிகாரமும் அவர் கையில் என்பதை முதலில் உணர்ந்தவர்கள் சீர்திருத்தக்காரர்கள் அல்லர், இந்த எஜமானர்களே.

பென்சில்வேனியா மாநிலத்துக் கிராஃபோர்டு கவுண்டியில் 1842-இலேயே ஜனநாயகக் கட்சியார் மாநாட்டை விலக்கி, கட்சியினர் நேரடியாக வாக்களித்து அபேட்சகரைத் தெரிந்தெடுக்கும் வழக்கத்தைத் தொடங்கினர். எனினும் அது சட்டத்தின் ஆதாரமில்லாத கட்சி ஏற்பாடாகவே இருந்தது. 1888-இல் மாசசூசெட்ஸ் மாநிலம் ஆஸ்திரேலிய முறை எனப்படும் இரகசிய வாக்குச்சீட்டை ஏற்க, பிற மாநிலங்களும் விரைந்து அதனைப் பின்பற்றியபின், அதுவரை கட்சிகளே அச்சடித்துக் கொடுத்துவந்த சீட்டைச் சர்க்கார் அச்சடிக்கலாயிற்று. சீட்டில் எவர் பெயரை அச்சிடுவது என்ற கேள்வியும் உடன் எழவே, அபேட்சகர் நியமனம் முழுவதும் சட்டத்தின் பார்வைக்குள் வந்தது.

இந்தச் சந்தர்ப்பத்தைப் பயன்படுத்திக் கொண்டவர் விஸ்கான்சின் மாநிலத்து ராபர்ட் லா ஃபாலெட். 1896-இலும் 1898-இலும் கட்சி மாநாடு தமக்குக் கவர்னர் பதவிக்குரிய நியமனத்தை மறுத்த அனுபவத்தை மறவாத அவர், 1900-இல் வெற்றிபெற்றுக் கவர்னரானதும் நேரடி முதனிலைச் சட்டத்தைத் தம் முதற்காரியமாகக் கொண்டார். அச்சட்டம் 1903-இல் சட்டசபையில் நிறைவேறி, 1904 நவம்பரில் பொதுவாக்கெடுப்பில் அங்கீகாரம் பெற்று, 1906-இல் முதன்முறையாக அமலுக்கு வந்தது. அடுத்த பத்தாண்டுகளுக்குள் பெரும்பான்மையான மாநிலங்கள் இவ்வழியில் வந்து சேர்ந்தன.

அதிபர் பதவிக்குரிய நியமனம் மட்டும் எளிதில் வசப்படவில்லை. 1912-இல் முதனிலை நடந்த மாநிலங்களில் பெரும்பாலானவற்றைத் தியோடர் ரூஸ்வெல்ட் வென்றார். அப்போதைய அதிபர் டாஃப்டின் சொந்த மாநிலமான ஒஹையோவும் ரூஸ்வெல்ட்டுக்கே வாக்களித்தது. ஆயினும் சிகாகோவில் கூடிய குடியரசுக் கட்சி மாநாடு டாஃப்டையே நியமித்தது. ரூஸ்வெல்ட் தனிக்கட்சி கண்டார். வாக்குகள் பிளவுண்டு, உட்ரோ வில்சன் அதிபரானார். 1968-இல் இதே நாடகம் ஜனநாயகக் கட்சியில் நடந்தது. நியூஹாம்ப்ஷயர் முதனிலையில் செனட்டர் யூஜின் மெக்கார்த்தி 42 சதவீதம் பெற்றுப் பதவியிலிருந்த அதிபர் ஜான்சனின் 49 சதவீதத்தை நெருங்கியதைக் கண்டு, அம்மாத இறுதியிலேயே ஜான்சன் தாம் மீண்டும் நிற்கப்போவதில்லை என்று அறிவித்தார். ஆனால் கலிஃபோர்னியா முதனிலையில் வென்ற இரவிலேயே சுடப்பட்ட ராபர்ட் கென்னடி மாண்டபின், ஒரு முதனிலையிலும் போட்டியிடாத ஹூபர்ட் ஹம்ஃப்ரியைச் சிகாகோ மாநாடு நியமித்தது. மண்டபத்துக்கு வெளியே வீதிகளில் போலீசாரின் தடியடி நடந்தது. அந்த அவமானத்திலிருந்து பிறந்த மெக்கவர்ன்–ஃப்ரேசர் குழுவின் விதிகளால், 1972 முதல் அதிபர் பதவிக்குரிய நியமனமும் பெரும்பாலும் முதனிலை வாக்காளரிடமே வந்து சேர்ந்தது.

வெள்ளையர் முதனிலையும் அதை உடைத்தவர்களும்

முதனிலைத் தேர்தலின் மதிப்பை அறிய விரும்புவோர் அதனை அடைந்தவர்களைப் பார்ப்பதைவிட அது மறுக்கப்பட்டவர்களைப் பார்ப்பதே நலம். உள்நாட்டுப் போருக்குப் பின்னர் புனரமைப்புக் காலம் முடிந்ததும் தென்மாநிலங்களில் ஜனநாயகக் கட்சி ஒன்றே ஆட்சி செய்தது. அக்கட்சியின் முதனிலையில் வென்றவர் நவம்பரில் வெல்வது நிச்சயமாதலால், நவம்பர் தேர்தல் வெறும் சடங்காயிற்று. இதனை நன்கறிந்த டெக்சாஸ் சட்டசபை, 1923-இல் கறுப்பர் எவரும் ஜனநாயகக் கட்சி முதனிலையில் வாக்களிக்கலாகாது என்று வெளிப்படையாகவே சட்டமியற்றியது. நவம்பரில் வாக்களிக்கும் உரிமையை ஏட்டளவில் விட்டுவைத்து, முதனிலையை மட்டும் மூடிவிட்டாலே போதும் என்பது அவர்கள் கணக்கு.

எல் பாசோ நகரத்து மருத்துவர் லாரன்ஸ் நிக்சன் 1924 ஜூலையில் வாக்களிப்பதற்கு அப்போது வேண்டியிருந்த தலைவரியைச் செலுத்திய ரசீதோடு வாக்குச்சாவடிக்குச் சென்று திருப்பியனுப்பப்பட்டார். அவர் தொடுத்த வழக்கில் 1927-இல் சுப்ரீம் கோர்ட் அச்சட்டத்தைச் செல்லாதென்று தீர்த்தது. உடனே டெக்சாஸ் வேறு உபாயம் தேடிக் கட்சியின் நிர்வாகக் குழுவுக்கே விலக்கும் அதிகாரத்தை அளித்தது. நிக்சன் மீண்டும் வழக்காடி 1932-இல் மீண்டும் வென்றார். அதன்பின் கட்சி மாநாடே, சட்டத்தின் துணையின்றித் தானாக, கறுப்பரை விலக்கியது. கட்சி ஒரு தனியார் சங்கமாதலால் அதில் தலையிட இயலாதென்று 1935-இல் கோர்ட்டும் இசைந்துவிட்டது. இறுதியில் ஹூஸ்டன் நகரத்துப் பல்மருத்துவர் லானி ஸ்மித்துக்காகத் தர்குட் மார்ஷல் வாதாடிய வழக்கில், 1944 ஏப்ரலில் எட்டு நீதிபதிகள் ஒருபுறமும் ஒருவர் மறுபுறமுமாக, முதனிலையும் தேர்தலின் பிரிக்கவொண்ணாத அங்கமே என்று தீர்ப்பாயிற்று.

அதோடும் விவகாரம் முடியவில்லை. டெக்சாஸின் ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் 'ஜேபேர்ட்' என்னும் வெள்ளையர் சங்கம் முதனிலைக்கும் முன்னதாகத் தன் அங்கத்தினருக்குள் ஒரு தேர்தல் நடத்த, அதில் வென்றவரை முதனிலையில் எவரும் எதிர்க்காதிருக்கும் வழக்கம் பல்லாண்டுகளாக நிலவிவந்தது. அதையும் 1953-இல் கோர்ட் உடைத்தது. தீர்மானம் எந்த அறைக்கு நகர்கிறதோ அந்த அறையின் கதவையே தாழிட்டார்கள் என்பது இந்த வரலாற்றின் சாரம். ஒரு வாக்குரிமையை முடக்குவதற்கு இத்தனை சட்டங்களும் தந்திரங்களும் 30 ஆண்டுகள் தேவைப்பட்டன என்றால், அந்த வாக்கு அற்பமானதென்று சொல்வதற்கு இடமேது?

குறைந்த வாக்குகள், நெடிய விளைவுகள்

இன்றைய நிலையும் அடிப்படையில் வேறன்று. பிரதிநிதிகள் சபையின் 435 தொகுதிகளில் பெரும்பாலானவை, மக்கள் குடியிருப்பின் இயல்பாலும் எல்லை வரையறையின் சூழ்ச்சியாலும், ஏதேனும் ஒரு கட்சிக்குப் பாதுகாப்பானவை. அத்தொகுதிகளில் நவம்பர் முடிவு முன்கூட்டியே தெரிந்ததுதான். மெய்யான போட்டி உண்டென்றால் அது முதனிலையில்தான் உண்டு.

2014 ஜூனில் வர்ஜினியாவின் 7-ஆம் தொகுதியில் பிரதிநிதிகள் சபையின் பெரும்பான்மைக் கட்சித் தலைவராயிருந்த எரிக் கேன்டரைப் பொருளாதாரப் பேராசிரியர் டேவ் பிராட் தோற்கடித்தார். ஏழு இலட்சத்துக்கு மேற்பட்ட ஜனத்தொகையுள்ள தொகுதியில் இருவரும் பெற்ற வாக்குகள் சேர்ந்து ஏறத்தாழ 65,000. 2018 ஜூனில் நியூயார்க்கின் 14-ஆம் தொகுதியில் இருபதாண்டுக்காலமாகச் சபையில் வீற்றிருந்த ஜோ குரோலியை அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ் வென்றபோது, அம்முதனிலையில் பதிவான வாக்குகள் 30,000-த்தை எட்டவில்லை. முன்னது வலதுசாரிகளுக்கும் பின்னது இடதுசாரிகளுக்கும் களிப்பூட்டிய நிகழ்ச்சிகள். எவர் வென்றது நல்லதென்பது இங்கே நமது விசாரணையன்று. தேசிய அரசியலின் போக்கையே திருப்பிய இரு முடிவுகளும் ஒரு நடுத்தர நகரத்து வாக்காளரைவிடக் குறைந்த எண்ணிக்கையினரால் ஏற்பட்டன என்பதே கவனிக்கத்தக்கது.

கவனக்குறைவால் நேரும் விபரீதத்துக்கு இல்லினாய்ஸ் மாநிலம் சாட்சி. 1986 மார்ச்சில் அங்கு நடந்த ஜனநாயகக் கட்சி முதனிலையில் கவர்னர் பதவிக்கு அட்லாய் ஸ்டீவன்சன் நியமனம் பெற்றார். ஆனால் துணை கவர்னர், மாநிலச் செயலாளர் ஆகிய இரு பதவிகளுக்கும், எவரும் பொருட்படுத்தாதிருந்த லிண்டன் லரூஷ் என்னும் விசித்திரக் கொள்கையாளரின் சீடர்கள் இருவர் கட்சியின் அதிகாரப்பூர்வ அபேட்சகர்களை முந்தி வென்றுவிட்டார்கள். அவர்களோடு ஒரே பட்டியலில் நிற்க மனமொவ்வாத ஸ்டீவன்சன் கட்சி நியமனத்தைத் துறந்து தனிக்கட்சியின் பெயரால் நின்று, நவம்பரில் தோல்வியுற்றார். 1982-இல் சுமார் 5,000 வாக்குகளில் கவர்னர் பதவியை நழுவவிட்டவர் அவர். இரண்டாம் சந்தர்ப்பம் அவர் கட்சியாரின் அசட்டையால் பாழாயிற்று. பந்தியில் அமர்ந்தபின் கறி சரியில்லையென்று முகஞ்சுளிப்பவர், காலையில் சந்தைக்கு அழைத்தபோது போர்வையை இழுத்து மூடிக்கொண்டவராயிருந்தால், அவருக்குப் பரிந்து பேசுவது கடினம்.

தமிழரோடு தொடர்புடைய உதாரணங்களும் உண்டு. சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபால் 2016-இல் வாஷிங்டன் மாநிலத்திலிருந்து பிரதிநிதிகள் சபைக்குச் சென்றார். கட்சி பேதமின்றி முதலிரு இடங்களைப் பெற்றவர் நவம்பரில் மோதும் முறை அங்கு நிலவுவதால், இறுதிப் போட்டி அவருக்கும் அவர் கட்சியையே சேர்ந்த இன்னொருவருக்கும் இடையே நடந்தது. அதே ஆண்டில் கலிஃபோர்னியாவின் செனட் பதவிக்குக் கமலா ஹாரிஸும் லோரெட்டா சான்செஸும், இருவருமே ஜனநாயகக் கட்சியினராக, நவம்பரில் எதிரெதிர் நின்றனர். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ராஜா கிருஷ்ணமூர்த்தி 2012-இல் இல்லினாய்ஸின் 8-ஆம் தொகுதி முதனிலையில் டாமி டக்வொர்த்திடம் தோற்று, 2016-இல் அதே முதனிலையை வென்ற பின்னரே சபைக்குள் நுழைந்தார். சிறுபான்மைச் சமூகத்தினர் எவருக்கும் முதலில் திறக்க வேண்டிய கதவு இதுவே.

விதிகளின் காடு

ஜனங்கள் வராமைக்குச் சோம்பலை மட்டும் காரணங்காட்டுவது நியாயமாகாது, வழியும் கரடுமுரடானது. ஒரே நாட்டில் மாநிலந்தோறும் வேறு விதி. நியூயார்க், பென்சில்வேனியா, ஃபுளோரிடா முதலிய மாநிலங்களில் முதனிலை மூடப்பட்டது; இன்ன கட்சியைச் சேர்ந்தவர் என்று முன்னரே பதிவு செய்துகொண்டவருக்கன்றி மற்றையோருக்கு அங்கே இடமில்லை. டெக்சாஸ், மிச்சிகன், விஸ்கான்சின் முதலியவற்றில் அது திறந்தது. கட்சிப் பதிவே இல்லை. தேர்தலன்று எந்தக் கட்சியின் சீட்டைக் கேட்டாலும் கிடைக்கும், ஒரே கட்சியின் சீட்டு என்பது மட்டுமே நிபந்தனை. நியூஹாம்ப்ஷயரில் கட்சி சாராதவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்து கொள்ளலாம். கலிஃபோர்னியாவும் வாஷிங்டனும் எல்லாக் கட்சி அபேட்சகரையும் ஒரே சீட்டில் நிறுத்தி முதலிருவரை மேலே அனுப்புகின்றன. அலாஸ்கா 2022 முதல் நால்வரை அனுப்பலாயிற்று. வடகரோலினாவில் முதலிடம் பெற்றவர் 30 சதவீதத்துக்கு மேல் பெற்றால் நியமனம் உறுதி. டெக்சாஸிலோ பாதிக்குமேல் பெறாவிட்டால் மறுதேர்தல். வேறு பல மாநிலங்களில் எத்தனை பேர் நின்றாலும் அதிக வாக்குப் பெற்றவருக்கே வெற்றி.

நாட்களின் குழப்பம் இதற்கு மேல். டெக்சாஸில் மார்ச்சு, கலிஃபோர்னியாவில் அதிபர் தேர்தல் இல்லாத ஆண்டுகளில் ஜூன், விஸ்கான்சினில் ஆகஸ்டு. விடுமுறைக்காகக் குடும்பங்கள் வெளியூர் செல்லும் காலத்தில் வரும் தேர்தலை எத்தனை பேர் நினைவில் வைத்திருப்பர்? பதிவுக் கெடுவோ இன்னும் கொடிது. 2016 ஏப்ரலில் நடந்த நியூயார்க் முதனிலையில் வாக்களிக்க விரும்பிக் கட்சி மாற வேண்டியவர்கள், ஆறு மாதங்களுக்கு முன், 2015 அக்டோபரிலேயே மாறியிருக்க வேண்டும். அந்த விதியை அறியாது போனவர்களுள் டொனால்டு டிரம்ப்பின் மகள் இவாங்காவும் மகன் எரிக்கும் இருந்தார்கள். தந்தை போட்டியிட்ட முதனிலையில் பெற்ற பிள்ளைகளால் வாக்களிக்க முடியவில்லை. செல்வமும் செய்தியும் சூழ வாழ்வோருக்கே இக்கதி நேருமானால், இரண்டு வேலை பார்த்துப் பிழைக்கும் சாமானியனின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. அமெரிக்கரில் தம்மை எக்கட்சியும் சாராதவர் என்று சொல்லிக்கொள்வோர் ஐந்தில் இருவருக்குக் குறையாதிருக்க, சுமார் 30 மாநிலங்கள் வாக்காளரைக் கட்சிவாரியாகப் பதிவு செய்கின்றன என்பதையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டும்.

ஆட்சேபங்களும் சமாதானங்களும்

முதனிலையில் பங்குகொள்ளுமாறு அழைப்போருக்கு அறிஞரிடமிருந்தே எதிர்ப்பு உண்டு. அரசியல் சாஸ்திரி ஷாட்ஷ்னைடர் 1942-இலேயே, கட்சிகளுக்கிடையே போட்டி நிலவினால் ஜனநாயகத்துக்கு அது போதும், கட்சிக்குள்ளும் ஜனநாயகம் வேண்டுமென்பது அநாவசியம் என்ற கருத்தை வலியுறுத்தினார். அங்காடிகளிடையே போட்டி இருக்குமானால் வாங்குவோன் கடையின் நிர்வாகத்தில் தலையிட வேண்டியதில்லை என்பது போன்ற இந்த வாதம் இரு கட்சிகளும் சமபலத்தோடு மோதும் தொகுதியில் செல்லும். ஒரே கட்சி நிலைத்துவிட்ட தொகுதியில் அதற்கு ஆதாரமேயில்லை. டெக்சாஸ் வரலாறே அதற்கு மறுப்பு.

இரண்டாவது ஆட்சேபம், முதனிலைக்கு வருவோர் தீவிரவாதிகள், அவர்களாலேயே கட்சிகள் இரு துருவங்களாகப் பிரிந்தன என்பது. இது பரவலான நம்பிக்கையாயினும், அண்மைக்கால ஆராய்ச்சிகள் அதனை முழுவதும் ஆதரிக்கவில்லை. முதனிலை வாக்காளர்கள் தம் கட்சிக்குப் பொதுத்தேர்தலில் வாக்களிப்போரிலிருந்து கொள்கையில் அவ்வளவாக வேறுபடவில்லையென்றும், முதனிலையைத் திறந்துவிட்டதால் மட்டும் மிதவாதிகள் பெருகிவிடவில்லையென்றும் அவை காட்டுகின்றன. ஆனால் வருவோர் வயதில் மூத்தவர்கள், அரசியலில் ஆழ்ந்த பற்றுடையவர்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆகையால், அதிகம் பேர் வந்தால் அரசியலின் காய்ச்சல் தணிந்துவிடும் என்று வாக்குறுதி அளிப்பது மிகை. இளைஞரின் தேவைகளும் வாடகை வீட்டில் குடியிருப்போரின் கஷ்டங்களும் அபேட்சகரின் செவிக்கு எட்டும் என்று சொல்வது உண்மை.

மூன்றாவது ஆட்சேபமே சாமானியனின் வாயில் வருவது: என் ஒரு வாக்கால் என்ன ஆகிவிடும்? நவம்பரில் கோடிக்கணக்கான வாக்குகளிடையே இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எளிதன்று. முதனிலையிலோ கணக்கே மாறுகிறது. 2021 ஜூனில் நியூயார்க் நகர மேயர் பதவிக்குரிய ஜனநாயகக் கட்சி முதனிலையில் விருப்ப வரிசைப்படி எண்ணிய கடைசிச் சுற்றில் எரிக் ஆடம்ஸ் கேத்ரின் கார்சியாவை முந்தியது சுமார் 7,200 வாக்குகளால்; எண்பது இலட்சம் பேர் வாழும் நகரில் அது சில வீதிகளின் அளவேயாகும். மாவட்ட நீதிபதி, பள்ளிக்குழு, மாநிலச் சட்டசபை போன்ற சிறு பதவிகளில் வித்தியாசம் நூறுகளில் நிற்பதும் உண்டு.

நான்காவது ஆட்சேபம் எல்லாவற்றிலும் நேர்மையானது: ஒரே கட்சியினர் அறுவர் நிற்கும்போது யார் எவரென்று அறிவது எப்படி? பொதுத்தேர்தலில் கட்சியின் பெயரே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். முதனிலையில் அந்த ஊன்றுகோல் இல்லை. இந்த ஆட்சேபத்தை மறுக்க வழியில்லை, நிவர்த்திக்கத்தான் முடியும். அழைப்பவர் தேதியை மட்டும் சொல்லாமல் அபேட்சகரின் வரலாற்றையும் வாக்களித்த விதத்தையும் கையிற்கொண்டு செல்லவேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும்.

அழைக்கும் முறை

வாக்களிக்க வாரீர் என்று அழைப்பதால் பயனுண்டா என்பதை ஊகத்தால் அன்றிப் பரிசோதனையால் அறியும் முயற்சி அமெரிக்காவில் நூறாண்டுப் பழமையுடையது. சிகாகோவில் ஹரால்டு காஸ்னெல் என்பவர் 1924, 1925-ஆம் ஆண்டுத் தேர்தல்களின்போது ஆறாயிரம் பேரளவில் கணக்கெடுத்து, சில வீதியினருக்கு மட்டும் ஆங்கிலத்தோடு போலிஷ், செக், இத்தாலிய மொழிகளிலும் நினைவூட்டும் கடிதங்களை அனுப்பி, அனுப்பப்படாத வீதியினரோடு ஒப்பிட்டார். கடிதம் பெற்றவர் மிகுதியாக வந்தனர். அவரது நூல் 1927-இல் வெளியாயிற்று. குடியேறியவர்களை அவரவர் தாய்மொழியில் அழைக்க வேண்டுமென்ற அவரது விவேகம் இன்றைய தமிழ்ச் சங்கங்களுக்கும் பொருந்தும்.

1998-இல் கனெக்டிகட் மாநிலத்து நியூஹேவன் நகரில் ஆலன் கெர்பரும் டொனால்டு கிரீனும் நடத்திய பரிசோதனை, வீட்டு வாயிலில் நின்று நேரிற்பேசும் அழைப்பு கணிசமான பலன் தருகிறதென்றும், கூலிக்கு ஆளமர்த்திச் செய்யும் தொலைபேசி அழைப்பால் பலன் ஏதுமில்லையென்றும் காட்டிற்று. ஆனால் நம் விஷயத்துக்கு மிக நெருங்கியது, அவ்விருவரும் கிறிஸ்டோஃபர் லாரிமரும் சேர்ந்து மிச்சிகன் மாநிலத்தின் 2006 ஆகஸ்டு முதனிலையையே களமாகக் கொண்டு, 1,80,000 குடும்பங்களுள் ஒரு பகுதிக்கு வெவ்வேறு கடிதங்களை அனுப்பி நடத்திய பரிசோதனை. அதில் சேர்க்கப்பட்ட அனைவரும் 2004 நவம்பரில் வாக்களித்தவர்கள். ஆயினும் கடிதம் பெறாதவருள் முதனிலைக்கு வந்தவர் 29.7 சதவீதமே. வாக்களிப்பது பிரஜையின் கடமை என்று உபதேசித்த கடிதம் அதனை 31.5 சதவீதமாக மட்டுமே உயர்த்தியது. அக்குடும்பத்தார் முன்பு வாக்களித்தாரா இல்லையா என்ற பதிவை அவருக்கே காட்டிய கடிதம் 34.5 சதவீதமாக்கியது. அண்டை வீட்டார் பதிவையும் சேர்த்துக் காட்டி, தேர்தலுக்குப் பின் புதிய பட்டியலை எல்லோருக்கும் அனுப்புவோம் என்ற கடிதமோ 37.8 சதவீதமாக்கிவிட்டது. எவருக்கு வாக்களித்தார் என்பது இரகசியம். வாக்களித்தாரா என்பது அமெரிக்காவில் பொதுப்பதிவு. அதனால் இது சட்டத்துக்கு விரோதமன்று.

இந்தப் பரிசோதனையிலிருந்து இரு பாடங்களை எடுத்துக்கொள்ளலாம். வெறும் உபதேசத்துக்குச் சக்தி சொற்பம் என்பது ஒன்று. ஊர் பார்க்கிறது என்ற உணர்ச்சிக்குச் சக்தி மிகுதி என்பது மற்றொன்று. எனினும் அயலாரின் பதிவைக் காட்டி வெட்கப்பட வைப்பது பலருக்குச் சினமூட்டியது; ஒருமுறை வந்தவர் மறுமுறை வன்மத்தோடு விலகவும் கூடும். ஊர் பார்க்கிறது என்பதைப் பயமுறுத்தலாகவன்றி நட்பாக உணரச் செய்வதே அழைப்பவரின் சாமர்த்தியம். 1983 பிப்ரவரியில் சிகாகோ மேயர் பதவிக்குரிய ஜனநாயகக் கட்சி முதனிலையில், பதவியிலிருந்த ஜேன் பர்னையும் பழைய மேயரின் மகன் ரிச்சர்டு டேலியையும் ஹரால்டு வாஷிங்டன் வென்று அந்நகரின் முதல் கறுப்பின மேயராவதற்கு வழி பிறந்ததென்றால், அதற்கு முந்திய ஆண்டில் தேவாலயங்களும் வானொலியும் வட்டாரச் சங்கங்களும் கைகோத்துப் பெருந்திரளாக வாக்காளரைப் பதிவு செய்த உழைப்பே முதற்காரணம். அங்கே எவரும் எவரையும் வெட்கப்படுத்தவில்லை. ஒருவரையொருவர் உடனழைத்துச் சென்றார்கள்.

ஆகவே, அழைப்பவர் செய்யத்தக்கவை சில. தம் மாநிலத்து விதி திறந்ததா மூடியதா என்பதையும், கட்சிப் பதிவுக்குரிய கெடுவையும் தேர்தலுக்குப் பல மாதம் முன்னரே கேட்டறிந்து சொல்லவேண்டும். கெடு கடந்தபின் வரும் உற்சாகம் வீண். தேதி, வாக்குச்சாவடி இருக்குமிடம், முன்கூட்டி வாக்களிக்கும் வசதி, தபால் வாக்கு ஆகிய விவரங்களை ஒரே தாளில் எழுதிக் கொடுக்கவேண்டும். நவம்பருக்குள் 18 வயது நிரம்பும் 17 வயதினரை முதனிலையில் வாக்களிக்க அனுமதிக்கும் மாநிலங்கள் பலவுண்டு. வீட்டிலுள்ள மாணவருக்கு அதைத் தெரிவித்தால் ஆயுள் முழுவதும் நீடிக்கும் பழக்கத்துக்கு அது தொடக்கமாகும். அழைப்பதையும் ஆதரவு திரட்டுவதையும் கலக்காதிருப்பது நல்லது. இன்னாருக்குப் போடுங்கள் என்று தொடங்கினால் பாதிப்பேர் கதவைச் சாத்திக்கொள்வர். ஒருமுறை சொன்னதோடு நில்லாமல், முந்திய நாளன்று மீண்டும் நினைவூட்டி, கூடுமானால் கூடவே நடந்து செல்லவேண்டும்.

முதனிலையில் எல்லோரும் வாக்களித்துவிட்டால் உத்தமர்கள் மட்டுமே அபேட்சகராவார்கள் என்று எவரும் உறுதி கூற முடியாது. திரளான வாக்காளரும் தவறிழைப்பதுண்டு. பணத்துக்கும் புகழுக்கும் மயங்குவதுண்டு. ஆனால் ஐந்தில் ஒருவர் மட்டும் வரும் முதனிலையில் நேரும் தவறு சிலரின் தவறாக இருந்தும் அதன் சுமை அனைவர் மேலும் விழுகிறது. எல்லோரும் வந்து நேரும் தவற்றை அடுத்த முதனிலையில் எல்லோருமே திருத்திக்கொள்ளலாம். தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் அதிகாரம் மக்களிடமே இருக்கவேண்டும் என்பதற்காகவே லா ஃபாலெட் மாநாட்டை எதிர்த்தார். அதில் தமக்கும் பங்கு வேண்டுமென்றே நிக்சனும் ஸ்மித்தும் கோர்ட்டுப்படி ஏறினார்கள். அவர்கள் பெற்றுத் தந்ததை அடுத்த முதனிலையில் பயன்படுத்துவதற்கு வேண்டியவை, கெடு தேதிக்குள் ஒரு கையெழுத்தும், தேர்தலன்று ஒரு மணி நேரமுமே.